முள் தைத்த இடத்தில்



ஒவ்வொரு மடலிலும் மருத்துவமனையின் தேவைகளையே உங்கள் முன் வைத்து வருகிறோம். இம்முறை ஒரு பாடத்தைச் சேர்ந்து படிக்க உங்களை அழைக்கிறோம். இதற்குக் காரணமானவர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நோயாளிகளைப் பார்க்க வந்த ஒரு வயதான சகோதரி. கட்டுப்போடும் அறையின் அலமாரியில் அடுக்கியிருந்த துணிச் சுருள்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஊசி, மாத்திரை எல்லாம் இவ்வளவு வந்த பிறகும் இத்தனை துணி எதுக்கு ஐயா? நாங்க குடுக்குற காணிக்கை இந்தத் துணிக்கா போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நாங்கள் அவருக்குச் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. ஆகையால் அவருக்கும் அவரைப் போல எண்ணுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

துணியிலிருந்தே தொடங்குவோம். இந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிதல்ல. இராஜபாளையத்துக்கு அருகேயுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஊர்களில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்யப்படுவது பெரும்பாலும் பேண்டேஜ் துணி. சேலையோ வேட்டியோ நெய்கிறவர் நெருக்கமாக நெய்ய வேண்டும். இதையோ இடைவெளி விட்டு, சல்லடை போல நெய்ய வேண்டும். தறியிலிருந்து வரும்போது அது பழுப்பாக இருக்கும், தண்ணீரையும் உறிஞ்சாது. பருத்தி நூலில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. காரச் சோடாவில் வேகவைத்துச் சலவை செய்து அந்த மெழுகை நீக்கிய பிறகுதான் துணி வெளுத்து, ஈரத்தை இழுக்கும் குணத்தைப் பெறுகிறது. பின்பு மருத்துவமனையில் ஆட்டோகிளேவில் வைத்து 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்குகிறோம். இந்தியாவின் பல மாநிலங்களின் மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் இவ்வூர்த் துணி போகிறது. காயம்பட்டவனுக்கு நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுப் போட்டதைச் சொல்லுகிற லூக்கா, தாமும் ஒரு வைத்தியரே. அவருக்கும் துணியின் அருமை தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துணி காயத்தை ஆற்றுவதில்லை. காயத்தை ஆற்றுவது சரீரமே. அது எவ்விதம் கிருமியோடு போராடுகிறது என்பதை அறிந்தால், துணிக்கு அதில் என்ன வேலை என்பது தானே விளங்கும்.

முதல் காவல் தோல். வளர்ந்த மனிதனுடைய தோலை விரித்தால் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வரும். அதன் மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிரும்போது தன்மேல் ஒட்டிய கிருமிகளையும் கொண்டுபோய்விடுகிறது. வியர்வைக்கும் தோலின் எண்ணெய்ப் பசைக்கும் இலேசான அமிலத்தன்மை உண்டு. பல கிருமிகளுக்கு அது ஒத்துவராது. கண்ணில் தோல் இல்லையே என்பீர்களானால், அங்கே கண்ணீர் இருக்கிறது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக 1922ஆம் ஆண்டில், கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் கிருமிகளைக் கரைக்கிற ஒரு பொருள் இருப்பதை வெளியிட்டார். மூச்சுக் குழலில் தூசியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகளும், வயிற்றில் அமிலமும் உண்டு. விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் இக்காவல் நடந்துகொண்டேயிருக்கிறது.

இப்போது அந்தக் காவலை ஒரு முள் துளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு முள்ளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீமைக் கருவேல முள் ஒன்று செருப்பையும் துளைத்துப் பாதத்தில் இறங்கி, நுனி உள்ளே ஒடிந்து நிற்கிறது. முள்ளோடு கிருமிகளும் உள்ளே போயிற்று. அங்கே என்ன நடக்கிறது?

இதை முதலில் கண்ணாரக் கண்டவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாப். 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா பட்டணத்தில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். தனியே இருந்த அவர், நட்சத்திர மீனின் குஞ்சுகளை நுண்நோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கண்ணாடியைப் போலத் தெளிவான சரீரமுடையவை. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்திலிருந்த ரோஜாச் செடியின் முட்களை எடுத்து, அக்குஞ்சுகளின் தோலுக்கடியில் குத்தி வைத்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லையாம். விடிந்து பார்த்தபோது, முள்ளைச் சுற்றிலும் அசையும் அணுக்கள் வந்து கூடி அதை வளைத்துக்கொண்டிருந்தன. நம்முடைய இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்று அவர் எடுத்துரைத்தபோது, ஏற்க மறுத்தவர்கள் பலர். 1908இல் அவருக்கும் பால் எர்லிக் என்பவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. சர்க்கஸ் பார்க்கப் போகாமலிருந்ததில் வந்த லாபம் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

நம் பாதத்திலும் அதுவே நடக்கிறது. தோலுக்கடியில் காவலிருக்கும் அணுக்கள் சில இரசாயனப் பொருள்களைச் சுரந்து அபாயம் அறிவிக்கின்றன. உடனே அங்குள்ள சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் அதிகம் வருவதால் இடம் சிவக்கிறது, சுடுகிறது. குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து நீர் கசிவதால் வீங்குகிறது. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் வலிக்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்னும் இந்நான்கையும் ரோம தேசத்து செல்சஸ் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னமே எழுதி வைத்தார். இவற்றை வியாதி என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இவை சரீரம் படை திரட்டுவதன் அடையாளங்கள்.

அந்த நெகிழ்ந்த சுவர்களின் வழியே வெள்ளை அணுக்கள் பிதுங்கி வெளியே வந்து, கிருமி இருக்கும் திக்கை அறிந்து ஊர்ந்து போகின்றன. எலும்பு மஜ்ஜை இவ்வணுக்களில் ஒரு வகையை மட்டும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் உண்டாக்குகிறது. அவற்றின் ஆயுளோ மிகக் குறைவு. கிருமிகளை விழுங்கி, அவற்றோடு தாங்களும் மடிகின்றன. மடிந்த அணுக்களும் மடிந்த கிருமிகளும் சிதைந்த சதையும் சேர்ந்ததே சீழ். முகத்தைச் சுளித்துக்கொண்டு நாம் துடைத்தெறிகிற அந்தச் சீழ், நமக்காக மடிந்தவைகளின் கூட்டம்.

இங்கேதான் துணி வருகிறது. சீழ் உள்ளே தேங்கினால் உயிரோடிருக்கும் கிருமிகளுக்கு அது உணவாகும். புதிய வெள்ளை அணுக்களுக்கும் இடமில்லாமற் போகும். ஆகையால் அது வெளியேற வேண்டும். மெழுகு நீக்கின அந்தச் சல்லடைத் துணி சீழையும் நீரையும் இழுத்துக்கொள்கிறது. அதே சமயத்தில் வெளியிலிருந்து ஈயும் புழுதியும் வராமல் மறைக்கிறது. புதுத்தோல் வளரும் வரை தோலுக்குப் பதிலாள் அது. நனைந்த துணியை மாற்றாமல் விட்டால் அதுவே கிருமிக்கு வீடாகும். எனவேதான் ஒரு நோயாளிக்கே இத்தனை சுருள்கள் செலவாகின்றன.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நம் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரியும். காலைப் பார்க்குமுன் அவர்கள் அங்கேதான் தடவிப் பார்ப்பார்கள். அந்த நெறி ஒரு சோதனைச் சாவடி. காயத்திலிருந்து வரும் நிணநீர் அங்கே வடிகட்டப்படுகிறது. வந்திருக்கும் கிருமி எது என்று அடையாளம் காணும் அணுக்கள் அங்கே பெருகி, அக்கிருமிக்கென்றே எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகின்றன. முதன்முறை சந்திக்கும் கிருமி என்றால் இதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். ஆனால் சரீரம் அதை மறப்பதில்லை. அதே கிருமி மறுபடி வந்தால் சில நாட்களிலேயே படை புறப்பட்டுவிடும். தடுப்பூசியின் இரகசியமும் இந்த ஞாபகமே. இரணஜன்னி மட்டும் இதற்கு ஒரு விலக்கு. மிகச் சிறிய அளவு விஷமே ஆளைக் கொல்லப் போதுமானது. அவ்வளவு சிறிய அளவு சரீரத்துக்கு ஞாபகத்தை உண்டாக்கப் போதாது. அதனால் இரணஜன்னி வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட வேண்டும். மருத்துவர் கேட்டால், "போன தடவை எப்பவோ போட்டேன்" என்று மழுப்பாதீர்கள்.

இவ்வளவு ஏற்பாடுகளும் எல்லார் சரீரத்திலும் இருக்க, சிலருடைய காயம் மட்டும் மாதக்கணக்கில் ஆறாமலிருப்பதேன்? இதை நாங்கள் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம்.

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நமது மருத்துவமனையில் சேர்ந்தார். பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை வியாதி. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது முள் தைத்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. வீட்டுத் தரையில் பதிந்திருந்த ஈரக் கறையைப் பார்த்து, "தாத்தா, கால்ல என்ன?" என்று பேத்தி கேட்ட பிறகே பாதத்தைத் திருப்பிப் பார்த்தாராம். "வலிக்கவே இல்ல ஐயா. வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருக்க மாட்டேனா?" என்றார். கிருமி எலும்பு வரை போயிருந்ததால் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பாதத்தின் அடியில் இருந்த புண் மட்டும் ஆறவில்லை.

அவர் தினமும் காலை ஆறு மணிக்கு வார்டிலிருந்து நடந்து சிற்றாலயத்துக்கு வந்துவிடுவார். எங்களுக்கோ மிகுந்த சந்தோஷம். நாற்காலிகள் காலியாய்க் கிடக்கும் நாட்களில்கூட முதல் வரிசையில் அவர் இருப்பார். வேதபாகம் வாசிக்கும்படி அவரையே கேட்டுக்கொண்டோம். மாலையிலும் வரச் சொன்னோம். ஐந்தாறு வாரம் இப்படிப் போயிற்று. ஒருநாள் கட்டுப்போடும் அறையின் மூத்த சிஸ்டர் எங்களைத் தனியே அழைத்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நாங்க காலையில போடுற கட்டை நீங்க ஆறு மணிக்கு அவுத்துடுறீங்க" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "ஒவ்வொரு தடவை அவர் கால் ஊன்றும்போதும் அன்னைக்கு வளர்ந்த சதை நசுங்கிப்போகுது. உங்களுக்கும் எனக்கும்னா நொண்டி நொண்டி நடப்போம். அவருக்கு நொண்டத் தெரியலையே" என்றார்.

வேதசாஸ்திரக் கல்லூரியில் பல வருடம் படித்த எங்களுக்கு அந்தச் சிஸ்டர் அரை நிமிடத்தில் கற்றுக்கொடுத்த பாடம் அது. வலி என்பது போக்க வேண்டிய தொல்லை என்றே அதுவரை எண்ணியிருந்தோம். காயம்பட்ட காலைத் தரையில் ஊன்றவிடாமல் தடுக்கிற காவலாளி அது. அக்காவலாளி இல்லாவிட்டால், வெள்ளை அணுக்கள் எத்தனை கோடி வந்தாலும் அவை கட்டுவதை நம் கால்களே மிதித்துப் போடும்.

இந்த உண்மை வெளியானது நமது தமிழ்நாட்டில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மிஷனெரிகளின் மகனாக 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் கவனித்துப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போய்விடுகிறது, அதன்பின் கொதிக்கிற பாத்திரம், செருப்பிலுள்ள ஆணி, துருப்பிடித்த பூட்டில் பலங்கொண்டமட்டும் திருப்பின சாவி, இவையெல்லாம் சேர்ந்துதான் விரல்களைக் கொண்டுபோகின்றன. சிலருக்கு இரவில் உறங்கும்போது விரல்கள் காணாமற்போயின. விழித்திருந்து பார்த்தால், எலி! வலிக்காததால் அவர்கள் விழிக்கவேயில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகள் ஆளுக்கொரு பூனையை வளர்க்கும்படி செய்தார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து!

தொழுநோயில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருடைய சரீரம் அக்கிருமியைத் தானாகவே வென்றுவிடுகிறது. ஆகவே நோயாளியைத் தொடப் பயப்படுவதற்கு ஆதாரமில்லை. மீதியுள்ள சிலரிலும் இரண்டு விதம். எதிர்ப்புச் சக்தி வலுவாக உள்ளவருக்கு ஒன்றிரண்டு தேமலோடு நோய் நின்றுவிடும். வலுவற்றவருக்கு உடலெங்கும் பரவும். ஆனால் வலுவான போராட்டத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கிருமி ஒளிந்திருப்பது நரம்புக்குள்ளே. அதைத் தேடி வெள்ளை அணுக்கள் அங்கே கூடும்போது நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நெரிபடுகிறது. காக்க வந்த படையால் ஊருக்குச் சேதம்! ஆகையால்தான் கூட்டு மருந்தோடு, சிலருக்கு வீக்கத்தை அடக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துக் கொடுக்கிறார். இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்தையொட்டிய பேர் புதிதாக இந்நோயோடு கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மறைத்து வைக்காதீர்கள்.

தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காலோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு, உடல் பாரம் புண்ணின்மேல் விழாதபடி பரப்பிவிடுகிற முறை இந்தியாவிலும் இலங்கையிலும் வழக்கத்திலிருந்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட் அதை அங்கும் கொண்டுசென்றார். பிற்பாடு சர்க்கரை நோயாளிகளின் புண்களுக்கும் அதுவே சிறந்த சிகிச்சைகளில் ஒன்றாயிற்று. காரணம், நீண்டநாள் சர்க்கரையும் பாதத்து நரம்புகளை அவ்வாறே மரத்துப்போகச் செய்கிறது. அத்தோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்கள் குறுகுவதால் வெள்ளை அணுவும் குறைவாய் வரும், மருந்தும் குறைவாய் வரும். நாம் விழுங்குகிற மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தானே காலுக்குப் போக வேண்டும்? வந்து சேர்ந்த வெள்ளை அணுக்களும், சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் சோம்பிப்போய் விழுங்கும் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கும் பெருமைதான். ஆனாலும் வார்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை என்பதை, நோயாளிகளைப் பார்க்க வரும் உறவினர்கள் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும்.

மில் பெரியவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் முதல் காலை ஆராதனையை வார்டிலேயே, அவர் கட்டிலருகில் நடத்தினோம். புண் சுத்தமான பிறகு, இரத்த ஓட்டத்தைச் சோதித்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள். வாரா வாரம் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டினார்கள். ஒன்பதாவது வாரம் பிரித்தபோது புண் மூடியிருந்தது. அதே கால், அதே வெள்ளை அணுக்கள். பாரத்தை மட்டுமே எடுத்திருந்தோம். உங்கள் காணிக்கையிலிருந்து அவருக்கு மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு ஒரு ஜோடி கொடுத்தோம்.

வீட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் இருந்தால் இவைகளைச் செய்யுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கட்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கண் தெரியாதவருக்கு வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்லட்டும்.

பெரியவர் வீட்டில் இந்த வேலை பேத்தியுடையது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தாத்தாவைக் கட்டிலில் உட்காரவைத்து, டார்ச் அடித்து இரண்டு பாதங்களையும் பார்த்த பிறகே அவள் படுக்கப் போவாளாம். சென்ற மாதம் ஒருநாள் அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிட்டாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு சிவந்த தடிப்பு, மிளகளவு. சிஸ்டர் செருப்பை வாங்கிப் பார்த்தார். வார் ஒன்று இறுகியிருந்தது. அதைத் தளர்த்திக் கொடுத்து, இரண்டு நாள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கச் சொன்னார். மூன்றாம் நாள் தடிப்பு மறைந்துவிட்டது. கட்டுத்துணி எதுவும் தேவைப்படவில்லை.